சீதனப் படகுக்கு ஒரு வாகனம்

தலைமன்னார் பியர்,
20 ஜனவரி 2025

மகள் ஜெஸ்லியா அறிவது,

நாங்கள் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகம் என்று அம்மாவின் போனில் இருந்து காதில் விழுகிறது. நான் ஒட்டுக் கேட்பவன் இல்லை. அவள்தான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஊருக்கே கேட்கக் கதைக்கிறாள். நான் பக்கத்தில் இருந்து வலை பொத்துகிறேன், அவ்வளவுதான்.

உன்னோடு கதைப்பதில்லை என்று அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவன் நான். அது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் எழுதுவதில்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஏழு வருடமாக இது மண்டையில் ஏறவில்லை. போன கிழமை வலையோடு இருந்தபோது திடீரென்று பிடிபட்டது. அதனால் எழுதுகிறேன். இதைப் பார்த்து அழத் தொடங்காதே. இது வேலை விசயம்.

உன் தங்கச்சி சுபாஜினிக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. பெடியன் கீரி ஊரில், கடல்தொழில்தான், குடிவெறி இல்லை. தாயும் மாமனும் பார்க்க வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், எல்லாம் நல்லாய்த்தான் போனது. எழும்புகிற நேரம் அந்த மாமன்காரன் முற்றத்தில் கிடுகு மூடிக் கிடக்கும் படகைக் காட்டி, "உது சும்மாதானே கிடக்குது அண்ணை. உதையே பிள்ளைக்குச் சீதனமாய்த் தாங்கோவன்" என்று கேட்டானே பார்க்கலாம்! கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாகச் சாய்ந்து சாரத்தில் ஊற்றியது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

அது உன் படகு. உன் சீதனத்துக்கென்று கட்டுவித்து, முன்பக்கத்து அணியத்தில் உன் பெயர் எழுதி வைத்தது. நீ ஒருவருக்கும் சொல்லாமல் பதிவுக் கந்தோரில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு வாத்தியாரோடு மலைக்குப் போனாய் என்பதற்காக அது உன்னுடையது இல்லை என்று ஆகிவிடுமா? நான் அதை ஒருநாளும் கடலில் இறக்கவில்லை. மூத்தவளின் சீதனம் வாசலில் கிடக்க இளையவளுக்கு எதையும் எழுத முடியாது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும்.

ஆகவே படகைக் கொண்டுவந்து உன்னிடம் ஒப்படைக்கப் போகிறேன். லொறியில் அனுப்புங்கோ என்று அம்மா சொல்கிறாள். லொறிக்காரன் கவிழ்த்துப் போட்டுத்தான் கட்டுவான். சீதனப் படகு வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு வந்து உன் வாசலில் இறங்கலாமா? நிமிர்ந்துதான் வரவேண்டும். பேசாலையில் ஒரு வெல்டிங் கடையில், படகை ஏற்றி இழுக்க ஒரு றெயிலர் வண்டி செய்யக் கொடுத்துவிட்டேன். அதை எதில் கொழுவி இழுப்பது என்பதுதான் இப்போது கேள்வி. எமிலியானுஸ் மச்சானிடம் கரைவலை இழுக்கிற ட்ரக்டர் இருக்கிறது. மீராசாஹிபு நானாவிடம் பின்னால் தட்டு வைத்த டபிள்கப் வண்டி இருக்கிறது, கொண்டச்சிப் பக்கம் மீன் ஏற்றி ஓடுகிறவர். இன்னொருவரிடம் ஆள் ஏற்றுகிற சின்ன வான். எனக்குத் தெரிந்த ஏற்றம் மன்னார்ப் பாலம் ஒன்றுதான். உங்கள் மலைக்கு எது சரிவரும் என்று பார்த்து எழுது.

இப்படிக்கு,
ம. யாகப்பு

பி.கு.: பிள்ளைக்கு இருமல் என்று கேட்டது. கற்பூரவள்ளி கொடு.

நோர்வூட்,
27 ஜனவரி 2025

என் அன்பு அப்பாவுக்கு,

எனக்கு யாகப்பு என்று ஒருவரையும் தெரியாது, அப்பா ஒருவரைத்தான் தெரியும். அவருக்கு எழுதுகிறேன்.

தபால்காரர் உறையை நீட்டியபோது உங்கள் எழுத்தைக் கண்டேன். அம்மாவுக்கு ஏதோ நடந்துவிட்டது, அதனால்தான் அப்பா எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அன்று காலையில்தான் அம்மாவோடு போனில் கதைத்திருந்தேன், அதுகூட ஞாபகம் வரவில்லை. பிரிக்கப் பயந்து உங்கள் மருமகன் சந்தனராஜிடம் கொடுத்தேன். அவர் ஆறுதலாக வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். "என்னப்பா, சொல்லுங்கோ" என்றேன். "ஒங்கப்பா படகு கொண்டு வர்றாராம்" என்றார். "எங்கே?" என்றேன். "இங்கதான்" என்றார். அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

அப்பா, இங்கே கடல் இல்லை. நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. அதில் நாலைந்து பேர் சின்ன ஓடத்தில் மீன் பிடிக்கிறார்கள். வீட்டு வாசலில் இருந்து பார்த்தால் தேயிலை, தேயிலைக்கு மேலே மழை. அவ்வளவுதான். நான் படகை வைத்து என்ன செய்யப் போகிறேன்? அதைச் சுபாவுக்கே கொடுத்துவிடுங்கள். அவளுக்கு வரப்போகிற மனுசன் கடலுக்குப் போகிறவர். பெயரை அழித்து எழுத ஒரு பேணிப் பெயின்ற் போதும்.

நீங்கள் கேட்டதற்காகச் சொல்கிறேன். வானை மறந்துவிடுங்கள், கினிகத்தேனை ஏற்றத்தில் கொதித்து நின்றுவிடும். ட்ரக்டரில் வெளிக்கிட்டால் நீங்கள் வந்து சேர்வதற்குள் செரினா சாதாரண தரப் பரீட்சை எழுதிவிடுவாள். அவளுக்கு இப்போதுதான் நாலு வயது. எமிலியானுஸ் மாமாவுக்கு மணல் தெரியும், மலை தெரியாது. ஆனால் நான் இதை வேலை மினக்கெட்டு எழுதுவது, நீங்கள் வரவேண்டும் என்பதற்காக இல்லை. இல்லை, அது பொய். நீங்கள் வரவேண்டும். படகு வரவேண்டாம்.

சந்தனராஜ் சுகம் கேட்டதாக எழுதச் சொன்னார். கற்பூரவள்ளி கொடுத்தேன், இருமல் நின்றுவிட்டது.

உங்கள் அன்பு மகள்,
ஜெஸ்லியா

தலைமன்னார் பியர்,
5 பெப்ரவரி 2025

மகள் ஜெஸ்லியாவுக்கு அப்பா எழுதுவது,

பெயரை அழிக்கச் சொல்லி எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்துதான் மிச்சத்தை வாசித்தேன். இனி அப்படி எழுதாதே. உனக்குக் கடல் இல்லாமல் இருக்கலாம். படகு இருக்க வேண்டும். நாளைக்கு யாராவது உன்னைப் பார்த்து, தாய் தகப்பன் வெறுங்கையோடு விட்ட பிள்ளை என்று ஒரு சொல் சொல்லக்கூடாது. தேவையில்லை என்றால் அதில் தண்ணி நிரப்பி மரக்கறி கழுவு.

வாகன விசயம். நீ வாத்தியார் பெண்சாதி என்பதால் சொன்னதை அப்படியே எடுத்துவிட முடியுமா? நாங்கள் பரிசோதித்தோம். மன்னாரில் மலைக்கு எங்கே போவது? பியர் பக்கத்து மணல் மேட்டில் எமிலியானுஸின் ட்ரக்டரில் றெயிலரைக் கொழுவி ஏற்றினோம். சும்மா ஏறியது. பிறகு மீராசாஹிபு நானாவின் டபிள்கப். முதல் தரம் மணலில் புதைந்தது. நாலு சில்லும் இழுக்கிற கியரைப் போட்டதும் உறுமிக்கொண்டு ஏறியது. "யாகப்பண்ணே, என்ட வண்டி யானையையே இழுக்கும்" என்று அவர் சொல்ல, "யானை மணலில் புதையாது நானா" என்று எமிலியானுஸ் சொல்ல, இரண்டு பேரும் எனக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி கத்தத் தொடங்கிவிட்டார்கள். பூசைக்கு மணி அடித்தபடியால் தப்பினேன்.

நீ ட்ரக்டர் வேண்டாம் என்றதை எமிலியானுஸிடம் சொன்னேன். அவன் இப்போது என்னோடு கதைப்பதில்லை. அவன் சத்தியம் செய்யவில்லை, சும்மா கோபம், வந்துவிடுவான்.

சத்தியம் என்றதும் ஒன்று. வரும்போது நான் உன்னோடு கதைக்கமாட்டேன். அதை இப்போதே எழுதிவிடுகிறேன், வாசலில் நின்று மனம் நோகக்கூடாது. உனக்குக் காரணம் தெரியாது. அம்மாவுக்கும் நான் சொல்லவில்லை. அன்றைக்கு உன் தலையைச் சொல்லித்தான் சத்தியம் செய்தேன். நான் வாய் திறந்தால் அது உன் தலையில் விழும். கோபம் எப்போதோ போய்விட்டது, அடுத்த பெருநாளுக்கு முதலே போய்விட்டது. சத்தியத்தைத் திருப்பி எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் பக்கம் ஏற்றம் எவ்வளவு தூரம், வளைவு எப்படி என்று விளக்கமாக எழுது.

அப்பா,
யாகப்பு

நோர்வூட்,
13 பெப்ரவரி 2025

என் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்றுதரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன்.

என் தலையைச் சொல்லியா அப்பா? ஏழு வருடமாக அம்மாவின் போனில் பின்னால் உங்கள் செருமல் கேட்கும். இருக்கிறார், கேட்டுக்கொண்டு இருக்கிறார், ஒரு சொல் சொல்ல மனம் இல்லை என்று நினைத்து நினைத்து எத்தனை நாள் தலையணை நனைத்திருக்கிறேன். செரினா பிறந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா போனை உங்கள் பக்கம் நீட்டினாவாம், நீங்கள் எழும்பி வெளியே போனீர்களாம். அதைக் கேட்டு நான் உங்களை மனதுக்குள் ஏசியதை எழுதினால் இந்தத் தாள் எரிந்துவிடும். நீங்கள் எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றா எழும்பிப் போனீர்கள்? சந்தனராஜிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் போட்டார், திரும்பவும் கழற்றினார்.

சாமியாரிடம் போங்கள். வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். செரினா போன கிழமை என்னிடம், "அம்மம்மா மட்டும் கதைக்கிறா, அம்மப்பாவுக்கு வாய் இல்லையா?" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

சரி, வருவது என்று நின்றுவிட்டீர்கள். நான் மறித்தால் நிற்கப்போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் நான் சொல்வதை ஒழுங்காகக் கேளுங்கள். நீங்கள் எல்லோரும் ஏற்றத்தையே பார்க்கிறீர்கள். எங்கே புதைகிறது, எது இழுக்கிறது என்று. இங்கே ஆட்கள் சாவது ஏற்றத்தில் இல்லை அப்பா, இறக்கத்தில். ஹட்டன் வரை ஏறிவிட்டு எங்கள் பக்கம் திரும்பவும் இறங்க வேண்டும். நான் நாள்தோறும் பஸ்ஸில் போய் வருகிறவள். பிறேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் லொறிகளுக்குப் பின்னால் வந்தால் ரப்பர் எரிகிற மணம் அடிக்கும். சூடாகிப் போனால் பிறேக் பிடிக்காது, மிதிக்க மிதிக்க உள்ளே போகும். சும்மா லொறிக்கே அந்தக் கதி என்றால், பின்னால் ஒரு படகு முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தால்?

உங்கள் ஊர் றெயிலருக்குப் பிறேக் இருக்காது. மட்டமான தரையில் யாருக்குத் தேவை? வெல்டிங் கடைக்காரரிடம் சொல்லிப் போட வையுங்கள். இழுக்கிற வண்டி இழுக்கப்படுகிறதைவிடப் பாரமாக இருக்க வேண்டும். மீராசாஹிபு நானாவின் டபிள்கப்பே நல்லது. ஆனால் இறக்கம் தொடங்கும் முன்னரே சின்னக் கியரில் போட்டுவிட வேண்டும், எஞ்சின்தான் பிடிக்க வேண்டும், கால் இல்லை. மழை என்றால் நில்லுங்கள். மூடுபனி என்றால் நில்லுங்கள். யாராவது பின்னால் ஹோர்ன் அடித்தால் ரோசப்படாமல் ஒதுங்கி விடுங்கள்.

வெளிக்கிடுகிற நாளை முதலே எழுதுங்கள். நான் ஹட்டனுக்கே வந்து நிற்பேன்.

உங்கள் தலை பத்திரம். என் தலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெஸ்லியா

தலைமன்னார் பியர்,
1 மார்ச் 2025

அன்பு மகளுக்கு,

நீ எழுதியபடியே எல்லாம் செய்தாயிற்று. றெயிலருக்குப் பிறேக் போட்டோம். இறக்கம், சின்னக் கியர், மூடுபனி எல்லாவற்றையும் மீராசாஹிபு நானாவுக்கு உன் கடிதத்தில் இருந்தே வாசித்துக் காட்டினேன். அவர் தன் வண்டியைக் கராஜில் விட்டுப் பிறேக் முழுவதையும் புதுசாக மாற்றிவிட்டார். "பிள்ளை சொல்லுறது நியாயம்தான்" என்றார். எமிலியானுஸும் கோபம் தீர்ந்து வந்துவிட்டான். டயருக்குக் காற்று அடித்தது அவன்தான்.

இன்னொரு சங்கதி. அம்மா சொல்லவேண்டாம் என்றாள், என்றாலும் எழுதுகிறேன். படகு வெறுமனே வரவில்லை. சீதனம் என்றால் அதற்கு ஒரு லட்சணம் இருக்கிறதல்லவா? உன் அலுமாரி, வெண்கலக் குத்துவிளக்கு, அண்டா, அம்மா சேர்த்து வைத்த பாத்திரம், இரண்டு மூட்டை கருவாடு, பனங்கட்டி, எஞ்சின், வலை எல்லாம் படகுக்குள்தான். படகில் பாரம் ஏற்ற எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழுப் பாரத்தையும் பின்பக்கம் தள்ளிக் கட்டினேன். அணியம் அப்படியே நிமிர்ந்து நிற்கிறது, எந்தக் கடல்திரை வந்தாலும் ஏறிவிடும் போல. நேற்றுப் பேசாலை வரை இழுத்துப் பார்த்தோம். பின்னால் கொஞ்சம் அப்படியும் இப்படியும் அசைந்தது. படகென்றால் அசையத்தானே செய்யும்.

ஆறாம் திகதி வியாழக்கிழமை விடிய வெளிக்கிடுகிறோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். சத்தியத்தைப் பற்றி அவரிடம் கேட்கப் போனேன். வாசல் மட்டும் போய்விட்டு, மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நான் கதைக்கவில்லை என்று முகத்தைத் தொங்கப் போடாதே. பிள்ளையோடு கதைப்பேன். அவளுக்கு நான் சத்தியம் ஒன்றும் செய்யவில்லை.

உன் அப்பா

நோர்வூட்,
12 மார்ச் 2025

என் அப்பா,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னா. சாப்பிடுகிறீர்கள் இல்லையாம், முற்றத்தில் படகு கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களாம். நான் கேட்டால் பக்கத்தில் செருமல்கூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். என் பக்கத்தில் நின்று அதை ஒருதரம் பாருங்கள்.

உங்கள் கடிதம் நீங்கள் வெளிக்கிட்ட அன்றுதான், மத்தியானம், என் கைக்கு வந்தது. எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அலுமாரி வருகிறது என்று சிரித்துக்கொண்டு சந்தனராஜுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பாரம் கட்டிய இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, "பாரமெல்லாம் பின்னுக்கா கட்டியிருக்காரு?" என்று கேட்டார். ஓம் என்றேன். "ஐயையோ ஜெஸி, ரோட்டில அது ஏலாது. பின்னுக்குப் பாரம் கூடினா முன்பக்கம் கொக்கியத் தூக்கிரும். எறக்கத்தில வால ஆட்டி ஆட்டிக் கழண்டுரும். எங்க தோட்டத்தில வெறகு ஏத்துன ட்ரக்டர் பெட்டி அப்படித்தான் போச்சு" என்றார். அவர் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தார். அம்மாவுக்குப் போன் அடித்தேன், "விடியவே போயிட்டினம்" என்றா. நானாவின் போன் வேலை செய்யவில்லை. நீங்கள் போன் வைத்திருப்பதே இல்லை.

பைக்கில் போனோம். ஹட்டன் இறக்கத்து வளைவில், கை ஆட்டி மறிக்கச் சொல்லி என்னை இறக்கிவிட்டு அவர் மேலே போனார். மேலே போனவர் உங்களைக் கண்டு கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார். நானா அவரை முன்னேபின்னே கண்டவரில்லையே. யாரோ நல்ல மனுசன், படகு வருகிறதென்று வரவேற்கிறான் என்று நினைத்து ஹோர்ன் அடித்துக் கையை ஆட்டிவிட்டு வந்தாராம். பிறகு அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கண்டதைச் சொல்கிறேன். நானா சரியாகத்தான் வந்தார், சின்னக் கியரில், மெதுவாக. வண்டியில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் பின் தட்டில், படகைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு உங்களைக் காண்கிறேன், முதுகைத்தான் காண்கிறேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன் அப்பா. கை ஆட்ட வந்தவள் ஆட்டாமல் நின்றேன். வண்டி என்னைத் தாண்டி வளைந்தது. படகு வளையவில்லை. ஒருதரம் அந்தப் பக்கம், ஒருதரம் இந்தப் பக்கம். பிறகு "டக்" என்று ஒரு சத்தம். றெயிலர் தனியாக, நேராக, என்னைப் பார்த்து வருகிறது. அணியத்தில் என் பெயர் பெரிதாக, பெரிதாக வருகிறது. எனக்குக் கால் அசையவில்லை. பயம்கூட இல்லை. ஒன்றுமே இல்லை, மரம் மாதிரி நின்றேன்.

"ஜெஸ்லியா! விலகு! விலகடி!"

உங்கள் அந்தச் சத்தம்தான் என்னைத் தள்ளியது. ரோட்டோர வாய்க்கால் காணுக்குள் விழுந்தேன். தலைக்கு மேலால் காற்றுப் போனது. எழும்பிப் பார்க்க, படகு தேயிலைக்குள் நிமிர்ந்து நிற்கிறது. அலுமாரிக் கதவு மட்டும் கீழே ஓடையில் கிடக்கிறது.

நீங்கள் ஓடி வந்தீர்கள். என் தலையைத் தடவிப் பார்த்தீர்கள், இரண்டு கையாலும், திரும்பத் திரும்ப, மண்டையில் எங்காவது உடைந்திருக்கிறதா என்று. அதற்குப் பிறகு உங்கள் வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டோரத்தில் இருந்துவிட்டீர்கள். நான் எத்தனை தரம் கூப்பிட்டேன்! வீட்டுக்கு வந்தும் செரினாவிடம்தான், "அம்மாவிட்டைச் சொல்லு, தேத்தண்ணிக்குச் சீனி காணும், இனிப் போடவேண்டாமெண்டு." மருமகன் உங்கள் கையைப் பிடித்தபோதும் தலையைத்தான் ஆட்டினீர்கள். விடியத் தோட்டத்து ஆட்கள் கயிறு கொண்டு வர, அவர்களோடு படகைத் தூக்கி நீர்த்தேக்கத் தண்ணியில் விடும் வரை நின்றுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டீர்கள். ஸ்டேசனில் நான் அழுதது உங்களுக்குக் கேட்டது, ஏன் திரும்பவில்லை?

என் தலைக்கு ஒன்றும் இல்லை அப்பா. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அதுவும் காய்ந்துவிட்டது. அந்தச் சொல் மூன்றும் எனக்குக் காணும் என்று முதல்நாள் நினைத்தேன். காணாது. இன்னும் வேண்டும்.

உங்கள்,
ஜெஸ்லியா

தலைமன்னார் பியர்,
20 மார்ச் 2025

என் அன்பு மகள் ஜெஸ்லியாவுக்கு,

இதோடு உனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்துகிறேன்.

முழுவதையும் வாசி, இடையில் அழாதே. ரயிலில் இருந்து இறங்கிய நாளில் இருந்து நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். சத்தியம் மாறிவிட்டேன், என் வாய் உன் தலையில் என்னத்தைக் கொண்டுவரப் போகிறதோ என்று. நீ போனில் தும்மினால் எனக்குச் சோறு இறங்காது. நீ பஸ்ஸில் போகிற நேரம் எல்லாம் சுருவத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பேன். ஸ்டேசனில் திரும்பினால் வாய் திறந்துவிடும் என்றுதான் திரும்பவில்லை.

நேற்று அம்மா என்னைப் பிடித்துக் கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன் தலையைச் சொல்லிச் செய்த சத்தியத்தையும் சேர்த்து. அவள் கையில் இருந்த அகப்பையை நிலத்தில் எறிந்துவிட்டாள். நானும் அவளும் இருபத்தொன்பது வருடம் வாழ்ந்திருக்கிறோம், அவள் ஒரு சாமானை எறிந்து நான் கண்டதில்லை. "விசர் மனுசன்! நீங்க கத்தாட்டி அண்டைக்கு அவளுக்குத் தலை இருந்திருக்குமோ? எந்தத் தலைக்கு இன்னும் சத்தியம் காத்துக்கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்டாள். அவள் என்னைக் கையில் பிடித்துக்கொண்டே போய்ச் சாமியாருக்கு முன்னால் நிறுத்தினாள். அவர் அரைமணித்தியாலம் ஏசினார். முடித்துவிட்டு, "இனி வீட்டை போய்க் கதையும்" என்றார்.

சுபாவின் காரியம் சரி. உன் பங்கு வந்து சேர்ந்தது என்று கீரிக்காரருக்குச் சொல்லிவிட்டோம், அவளுக்கு வேறு படகு கட்டுவிக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அம்மாவின் போனில் எடுக்கிறேன். ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், நான் காதில் வைத்துத்தான் கதைப்பேன். என்ன கதைப்பது என்று இப்போதே யோசிக்கிறேன், ஒன்றும் வரவில்லை. மூன்று சொல்லுக்கு மேல் எனக்கு மறந்து போயிற்று. நான் சும்மா நின்றால் நீ வைத்துவிடாதே பிள்ளை. கொஞ்சம் நில். வரும்.

உன் அப்பா